இமயம் பிறந்த வரலாறு

மலைக்கு அசலம் என்பது ஒரு பெயர். அசையாதது என்பது அதன் பொருள். அருணாசலம், வேங்கடாசலம், இமாசலம் என்னும் பெயர்களில் அச்சொல் அமைந்திருத்தலைக் காணலாம். ஆறு தடம் மாறும், கடல் பொங்கும், காற்றுத் திசை திரும்பும், முகில் வரும், கலைந்து போகும். மலை ஒன்றே நின்ற இடத்தில் நிலைத்து நிற்கும் என்பது மக்களின் நெடுங்கால நம்பிக்கை. உறுதியான உள்ளம் படைத்தோரை மலைக்கு ஒப்பிடுவதும், பொறுமை மிக்கோரை நிலத்துக்கு ஒப்பிடுவதும் இந்நம்பிக்கையால் எழுந்த வழக்கங்களே. ஆயினும், மலைகளுள் எல்லாம் உயர்ந்த இமாசலமே, நிலம் அசைந்ததனால் பிறந்த மலை என்றும், இன்றும் அசைந்து கொண்டிருக்கும் மலை என்றும் நிலநூல் அறிஞர் கூறுகின்றனர். அவர்கள் அவ்வாறு கூறுதற்குக் காரணம் யாது? அதனை அறிவதால் நமக்கு உண்டாகும் பயன் யாது? இவ்விரண்டையும் இப்பாடத்தில் காண்போம்.

நேபாள நாட்டில் கண்டகி என்றோர் ஆறு இமயத்தைப் பிளந்துகொண்டு ஓடுகிறது. அவ்வாற்றில் கிடைக்கும் கருநிறக் கல்லையே சாளக்கிராமம் என்று மக்கள் போற்றி வழிபடுகின்றனர். அக்கல்லின் உள்ளே சக்கரம் போன்ற சுருள் வரிகள் காணப்படும். அடியார் அவ்வரிகளில் திருமாலின் சக்கரத்தைக் காண்பர். நிலநூலார் அவற்றில் ஒரு பழங்கடலைக் காண்பர். ஏனெனில், அச்சுருள் வடிவம் அம்மோனைட்டு என்னும் கடலுயிரின் ஓடு பதிந்து கல்லாகிய அடையாளமாகும். அவ்வுயிர் இன்று கடலில் இல்லை. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வினம் பூண்டோடு அற்றுப் போயிற்று. கடலில் வாழ்ந்த உயிரின் ஓடு, கடலினின்றும் நெடுந்தொலைவில் உள்ள மலைநாட்டில் கிடைப்பது வியப்பன்றோ?

அதனினும் பெரிய வியப்பு ஒன்று உண்டு. உலகின் உயர்ந்த சிகரமாகிய எவரெஸ்டின் உயரம் 8,848.86 மீட்டர் என நேபாளமும் சீனாவும் 2020-ஆம் ஆண்டில் அறிவித்தன. பனி மூடிய அச்சிகரத்தின் உச்சியில் உள்ள பாறை சுண்ணாம்புப் பாறையாகும். அதன் ஒரு துண்டை மெல்லிய தகடாக அறுத்து உருப்பெருக்கியில் வைத்து நோக்கினால், கடல்வாழ் சிற்றுயிர்களின் ஓட்டுத் துணுக்குகள் தோன்றும். 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்க் கடலடியில் படிந்த சேறே இன்று உலகின் முடியாக உயர்ந்து நிற்கிறது.

கடலின் அடி மலையின் முடியானது எவ்வாறு? பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர் பலர் இதற்கு ஒரு விடை கூறினர். தொடக்கத்தில் பெருவெப்பம் கொண்டிருந்த நிலவுலகம் சிறிது சிறிதாகக் குளிர்ந்து சுருங்கி வருகிறது. நெல்லிக்கனி வாடும்போது அதன் தோலில் மேடும் பள்ளமும் தோன்றுதல் போல, சுருங்கும் உலகின் மேலோடும் மடிந்து மலைகள் ஆயின என்பது அவர்தம் கருத்து. இக்கருத்தின்படி, நிலம் மேலெழலாம், கீழே அமிழலாம், ஆயின் தன் இடத்தை விட்டுப் பக்கவாட்டில் பெயர்தல் இயலாது.

அக்காலத்து அறிஞரை மயங்கச் செய்த மற்றொரு செய்தியும் இருந்தது. பெருங்கடலால் பிரிக்கப்பட்ட நாடுகளில் ஒரே வகையான விலங்குகளும் செடிகளும் காணப்பட்டமையே அச்செய்தி. மடகாஸ்கர்த் தீவில் இலெமூர் என்னும் விலங்கு வாழ்கிறது. அதற்கு உறவான தேவாங்கு தென்னிந்தியக் காடுகளில் வாழ்கிறது. ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியல் அறிஞர் இத்தகைய ஒற்றுமைகளைக் கருதி, இரு நாடுகளையும் இணைத்த பெருநிலம் ஒன்று முன்பு இருந்து பின்பு மூழ்கியிருத்தல் வேண்டும் என்று 1864-ஆம் ஆண்டில் எழுதினார். அந்நிலத்துக்கு இலெமூரியா என்று பெயரிட்டவரும் அவரே. பின்னர், ஆஸ்திரிய நாட்டு அறிஞர் எடுவர்டு சூயசு, தென்பகுதி நாடுகள் பலவற்றை உள்ளடக்கிய பழைய பெருநிலம் ஒன்றைக் கருதிப்பார்த்து, நடு இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பெயரால் அதனைக் காண்டுவானா என்று அழைத்தார். அதன் இடைப்பகுதிகள் கடலுள் மூழ்கின என்றே அவரும் எண்ணினார். பழந்தமிழ் நூல்கள் கூறும் கடல்கோள் பற்றிய ஆராய்ச்சி வேறு; இங்குப் பேசப்படுவது மனித இனமே தோன்றாத தொல்பழங்காலத்து நிகழ்ச்சி என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளல் வேண்டும்.

நிலம் மூழ்கியது என்னும் கருத்தை மறுத்து, நிலம் நகர்ந்தது என்று உலகறியக் கூறியவர் ஆல்பிரடு வெகனர் என்னும் ஜெர்மானிய அறிஞர். 1880-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் பிறந்த இவர் வானிலை நூலில் வல்லவர். தென்னமெரிக்காவின் கீழைக் கரையும் ஆப்பிரிக்காவின் மேலைக் கரையும் ஒன்றோடொன்று பொருந்தும் வடிவில் அமைந்திருத்தல் இவர் கருத்தைக் கவர்ந்தது. உலகின் நிலப்பகுதிகள் யாவும் ஒரு காலத்தில் ஒன்றாய் இணைந்திருந்து, பின்பு பிரிந்து விலகின என்னும் கொள்கையை 1912-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். 1915-ஆம் ஆண்டில் அதனை நூலாகவும் வெளியிட்டார். நிலப்பகுதிகள் இலேசான பாறையால் ஆனவை. கடலடியோ கனமான பாறையால் ஆனது. இலேசான பெருநிலம் கனமான அடித்தளத்துள் எங்ஙனம் மூழ்கும் என்பது அவர் எழுப்பிய வினா.

இரண்டாகக் கிழிந்த ஓர் ஏட்டை நினைத்துக் கொள்வோம். கிழிந்த ஓரங்கள் பொருந்துவது மட்டுமே போதாது. இரு துண்டுகளையும் சேர்த்து வைத்துப் படிக்கும்போது, ஒன்றில் முடியும் வரி மற்றொன்றில் தொடர்ந்தால்தான் அவை ஒரே ஏட்டின் பகுதிகள் என்று துணிய முடியும். வெகனரும் கரைகளின் வடிவத்தோடு நின்றுவிடவில்லை, வரிகளையும் படித்தார். மெசோசாரசு என்னும் சிறிய ஊர்வன இனத்தின் கல்லுருக்கள் தென்னமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் மட்டுமே கிடைத்தன. ஆழமில்லாத நீரில் வாழ்ந்த அவ்வுயிர் அட்லாண்டிக்குப் பெருங்கடலை நீந்திக் கடந்திருத்தல் அரிது. குளோசாப்டெரிசு என்னும் பழஞ்செடியின் இலைப்படிவங்கள் இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென்னமெரிக்கா ஆகிய எல்லா இடங்களிலும் கிடைத்தன.

அச்செடியின் படிவங்கள் பனிக்கண்டமாகிய அண்டார்டிகாவிலும் கிடைத்த வரலாறு உள்ளத்தை உருக்குவதாகும். ஆங்கிலேயராகிய இராபர்ட்டு ஸ்காட்டும் தோழர் நால்வரும் 1912-ஆம் ஆண்டு ஜனவரியில் தென்துருவத்தை அடைந்தனர். திரும்பும் வழியில் உணவு குறைந்தது, உடல் தளர்ந்தது, பனிப்புயல் சூழ்ந்தது. ஐவரும் உயிர் நீத்தனர். தேடிச் சென்றோர் அவ்வாண்டு நவம்பரில் அவர்தம் கூடாரத்தைக் கண்டபோது, அங்கு ஏறத்தாழ 16 கிலோகிராம் எடையுள்ள கற்கள் இருந்தன. வழியில் தாம் திரட்டிய அக்கற்களை, நடக்க வலிவற்ற நிலையிலும் அவர்கள் எறியாமல் இழுத்து வந்திருந்தனர். அவற்றுள்ளே குளோசாப்டெரிசு இலைகள் பதிந்திருந்தன. இன்று புல்லும் முளைத்தற்கரிய பனிநிலம் ஒரு காலத்தில் காடு செழித்த நிலமாய் இருந்தது என்பதற்கு அக்கற்கள் சான்றாயின.

இதற்கு நேர்மாறான சான்று நம் நாட்டில் உண்டு. ஒடிசா மாநிலத்துத் தால்சேர் இன்று வெயில் கொளுத்தும் பகுதி. அங்குள்ள பழம்பாறைகளுள், நகரும் பனிப்பாளங்கள் உருட்டிக் கொணர்ந்த குண்டுக்கற்கள் காணப்படுகின்றன. பனிக்கண்டத்தில் காடும், வெப்பநாட்டில் பனியும் இருந்தன எனின், அந்நிலங்கள் அன்று இன்றுள்ள இடத்தில் இருந்திருக்க இயலாது என்பது தெளிவு.

இத்துணைச் சான்றுகள் இருந்தும் வெகனரின் கொள்கையை அறிஞர் பலர் ஏற்கவில்லை. "பெருங்கண்டங்களை நகர்த்தும் ஆற்றல் யாது?" என்று அவர்கள் வினவினர். நிலவுலகின் சுழற்சியையும், கடலை ஏற்றவற்றம் செய்யும் ஈர்ப்பையும் காரணமாக வெகனர் காட்டினார். அவை அத்துணைப் பெரிய செயலுக்குப் போதா என்று எதிர்ப்போர் கூறியது முறையே ஆகும். நகர்ந்தது என்பதற்குச் சான்று இருந்தது. நகர்த்தியது யாது என்பதற்கு விடை இல்லை. அவ்விடையைக் காணும் வரையில் வெகனர் உயிருடன் இருக்கவில்லை. 1930-ஆம் ஆண்டில் கிரீன்லாந்தின் நடுவே பனிமேட்டில் தங்கியிருந்த தம் குழுவினர்க்கு உணவுப்பொருள் கொண்டு சேர்த்துத் திரும்புகையில், தம் ஐம்பதாம் பிறந்த நாள் கழிந்த சில நாள்களில் அவர் மாண்டார். அவர் உடல் அடுத்த ஆண்டில்தான் கண்டெடுக்கப்பட்டது.

அவர் தேடிய விடை கடலின் அடியில் மறைந்திருந்தது. 1950-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நாட்டு அறிஞர் புரூசு ஹீசன் கப்பல்களில் சென்று, ஒலியைச் செலுத்திக் கடலின் ஆழத்தை அளக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். அவருடன் பணியாற்றிய மேரி தார்ப்பு என்னும் அம்மையாருக்கு அக்காலத்தில் ஆராய்ச்சிக் கப்பலில் ஏற இடம் தரப்படவில்லை. பெண் என்பதே காரணம். கரையில் இருந்தவாறே, வந்து குவிந்த அளவுகளைக் கொண்டு அட்லாண்டிக்குக் கடலடியின் படத்தை அவர் வரைந்தார். வடக்குத் தெற்காக ஓடும் நீண்ட மலைத்தொடர் ஒன்று கடலின் நடுவே இருப்பதும், அதன் முகட்டில் ஆழமான பிளவு ஒன்று தொடர்ந்து செல்வதும் அப்படத்தில் புலனாயின. கடலடி அங்கே பிளந்து விலகுகிறது என்பது அம்மையாரின் கருத்து. அதனை ஹீசன் முதலில் பொருட்படுத்தவில்லை. பின்னர், கடலடி நிலநடுக்கங்கள் தோன்றிய இடங்களைக் குறித்த படத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தபோது, இரண்டும் அப்படியே பொருந்தின. உலகக் கடலடி முழுவதையும் காட்டும் அவர்தம் பெரும்படம் 1977-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது.

அப்பிளவுகளின் வழியே நிலத்தின் உள்ளிருந்து உருகிய பாறைக்குழம்பு மேலெழுந்து, குளிர்ந்து, புதிய கடலடியாகிறது. பழைய தளம் இருபுறமும் விலகிச் செல்கிறது என்று ஹாரி ஹெசு என்பார் 1962-ஆம் ஆண்டில் எழுதினார். இதற்கு உறுதியான சான்று நம் பக்கத்துக் கடலிலிருந்தே கிடைத்தது. பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகும்போது, அக்காலத்து நிலக்காந்தத்தின் திசை அதில் பதிந்து விடும். நிலக்காந்தத்தின் வடமுனையும் தென்முனையும் பல முறை தம்முள் மாறியுள்ளன. ஆதலால், கடலடி உண்மையாகவே பிளவிலிருந்து பிறந்து விலகுமாயின், பிளவின் இருபுறமும் காந்தத்திசை மாறி மாறி அமைந்த வரிகள் இருத்தல் வேண்டும். இந்தியப் பெருங்கடலில் உள்ள கார்ல்சுபெர்க்கு மலைத்தொடரை அளந்து பெற்ற குறிப்புகளை ஆராய்ந்த வைன், மேத்தியூசு என்னும் ஆங்கில அறிஞர் இருவரும் 1963-ஆம் ஆண்டில் இதனை விளக்கினர். பின்னர்ப் பல கடல்களில் இத்தகைய வரிகள் பிளவின் இருமருங்கும் ஒத்த அளவில் அமைந்திருத்தல் காணப்பட்டது. வெகனரின் கொள்கை, அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின் புத்துயிர் பெற்றது.

1960-ஆம் ஆண்டுகளின் இறுதியில் இச்செய்திகள் யாவும் ஒரு முழுமையான கொள்கையாக உருப்பெற்றன. நிலவுலகின் வெளிப்பகுதி ஒரே ஓடாக அமையவில்லை. ஆமையின் முதுகுபோல் பல தகடுகளால் ஆகியது. அவற்றை நிலத்தட்டுகள் என்பர். பெரிய தட்டுகள் ஏழு. சிறிய தட்டுகள் பல. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கனமுடையது. கண்டங்கள் தனித்து நகர்வதில்லை. அவற்றைச் சுமந்துள்ள தட்டுகளே நகர்கின்றன. தட்டுகளின் கீழே உள்ள பாறை திடப்பொருளே. ஆயினும் பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இளகி, நெடுங்காலத்தில் மிக மெல்ல நெகிழ்ந்தோடும் இயல்பினது. வெயிலில் வைத்த கீல், தட்டினால் கல்போல் ஒலிப்பினும், நாள் பல கழிந்தபின் தானே பரவியிருத்தலை ஒப்பாகக் கூறலாம்.

தட்டுகளை நகர்த்தும் ஆற்றல் நிலவுலகின் உள்வெப்பமே. கடலடியாகிய தட்டு, பிளவில் பிறந்தபோது வெப்பமாகவும் இலேசாகவும் இருக்கிறது. விலகிச் செல்லச் செல்ல அது குளிர்ந்து கனக்கிறது. முடிவில் வேறொரு தட்டின் விளிம்பை அடைந்து, அதன் கீழே சரிந்து ஆழத்துள் இறங்குகிறது. மேசையின் விளிம்பில் தொங்கும் கனத்த துணி மேலுள்ள பகுதியையும் தன்னோடு இழுத்துச் செல்வது போல, இறங்கும் விளிம்பு தட்டு முழுவதையும் இழுக்கிறது. ஒரு புறம் புதுக் கடலடி பிறக்கிறது. மறுபுறம் பழைய கடலடி மறைகிறது. ஆதலால், கண்டங்களில் 300 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட முதுபாறைகள் இருப்பினும், பெருங்கடல்களின் அடியில் 20 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட தளம் காண்பது அரிது.

தட்டுகள் ஒன்றையொன்று சந்திக்கும் எல்லைகள் மூவகைப்படும். அட்லாண்டிக்கின் நடுவே அவை விலகுகின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அவை உரசிக்கொண்டு பக்கவாட்டில் செல்கின்றன. ஜப்பான், சுமத்திரா முதலிய இடங்களில் ஒன்றன்கீழ் ஒன்று இறங்குகிறது, எரிமலைகள் தோன்றுகின்றன. இரு கண்டங்களே எதிரெதிராக வந்து மோதினால், இலேசான கண்டப்பாறை எளிதில் கீழிறங்காது. அது மடியும்; நொறுங்கும்; ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இம்மோதலின் பயனே இமயமலை.

இனி, நம் நாட்டின் பயணத்தைக் காண்போம். 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா ஆசியாவின் பகுதியன்று. மடகாஸ்கர், அண்டார்டிகா, ஆஸ்திரேலியா ஆகியவற்றோடு இணைந்து, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே நெடுந்தொலைவில் அது இருந்தது. காண்டுவானாப் பெருநிலம் சிதறத் தொடங்கிய பின், ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்டிகாவினின்றும் பிரிந்தது. அப்பிரிவினால் உண்டானதே நமது கீழைக் கடற்கரை. புதிதாய்த் தோன்றிய கரையின் தாழ்ந்த பகுதிகளில் கடல் புகுந்தது. அரியலூர்ப் பகுதியில் இன்று தோண்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லில் கிளிஞ்சல்களும் அம்மோனைட்டுகளும் பதிந்திருப்பது இதனாலேயே.

பின்னர், ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரும் பிரிந்து பின்தங்கியது. இந்தியா தனித்து வடக்கு நோக்கி விரைந்தது. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் ஆழத்திலிருந்து தீக்குழம்பு வெள்ளமெனப் பெருகி, மேலை இந்தியாவில் அடுக்கடுக்காகப் பரவி இறுகியது. தக்காணத்துக் கரும்பாறைகள் அங்ஙனம் உண்டானவை. அரிப்புக்குத் தப்பி இன்று எஞ்சியுள்ள அப்பாறை மட்டும் ஏறத்தாழ 5 இலட்சம் சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. அக்காலத்தை ஒட்டி இந்தியா ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட விரைவில் நகர்ந்தது.

இதனை விரைவு என்று கூறுவது மாணவர்க்கு நகைப்பை விளைக்கலாம். இன்று நம் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நகர்கிறது. நம் கைவிரல் நகம் வளரும் அளவைவிடச் சிறிதே மிகுதி. ஆயின், காலத்தைக் கொண்டு பெருக்கிப் பாருங்கள். 20 ஆண்டில் 1 மீட்டர். ஒரு இலட்சம் ஆண்டில் 5 கிலோமீட்டர். ஒரு கோடி ஆண்டில் 500 கிலோமீட்டர். சிறுதுளி பெருவெள்ளம் என்னும் பழமொழியின் உண்மையை நிலவுலகம் போல் மெய்ப்பித்துக் காட்டியது வேறொன்றில்லை.

இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே டெத்திசு என்றோர் கடல் இருந்தது. இந்தியா நெருங்க நெருங்க அக்கடலின் அடித்தளம் ஆசியாவின் கீழே இறங்கி மறைந்தது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இரு நிலங்களும் மோதின. இடையே அகப்பட்ட கடற்சேறும் சிப்பியும் சுண்ணாம்பும், இந்தியத் தட்டின் முன்விளிம்பும் நெரிந்து, மடிந்து, ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறின. 2,400 கிலோமீட்டர் நீளமுள்ள இமயம் எழுந்தது. அதற்கு வடக்கே திபெத்தும் உயர்ந்தது. சென்னையை அடுத்த பறங்கிமலையின் பாறை 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. அதனோடு ஒப்பிட்டால் இமயம் இளங்குழவியே.

இமயத்தினும் முந்திய ஆறுகள் உண்டு என்றால் நம்புதல் அரிது. சிந்துவும் சட்லெஜும் பிரம்மபுத்திராவும் மலைத்தொடருக்கு வடக்கே பிறந்து, அதனைக் குறுக்கே அறுத்துக்கொண்டு தெற்கே வருகின்றன. மலை மெல்ல எழுந்தது. ஆறுகள் அதற்கு ஈடாகத் தம் படுகையை அறுத்துக்கொண்டே தம் வழியில் ஓடின. அங்ஙனம் அறுத்துக் கொணர்ந்த மண்ணே வடஇந்தியச் சமவெளியாயிற்று. மலை வளர்கிறது, மழையும் பனியும் ஆறும் அதனைத் தேய்க்கின்றன. இவ்விரண்டின் போட்டியில் விளைந்த வண்டல் மண்ணில்தான் கோடிக்கணக்கான மக்கள் உழுது பயிரிட்டு உண்கின்றனர்.

வாழ்வளிக்கும் இவ்வசைவே ஊறும் செய்ய வல்லது. இந்தியத் தட்டு இன்றும் ஆசியாவை நெருக்கிக்கொண்டே இருக்கிறது. அந்நகர்ச்சியில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அளவை இமயமே தாங்குகிறது. பாறைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நகராமல் நிற்கும் இடங்களில், அவ்வழுத்தம் ஆண்டுதோறும் சேர்கிறது. வளைத்த மூங்கில் ஓர் எல்லை வரையில் வளைந்து பின் படீரென முறிவது போல, நூறு ஆண்டுகளில் சேர்ந்த அழுத்தம் சில நொடிகளில் விடுபடுகிறது. அதுவே நிலநடுக்கம். 1905-இல் காங்கிராவிலும், 1934-இல் பீகார், நேபாளப் பகுதியிலும், 1950-இல் அசாம் எல்லையிலும் இவ்வாறு நேர்ந்தன. காங்கிராவில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் நேபாளத்தில் நேர்ந்த நடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் உயிரிழந்தனர். அன்று காட்மாண்டுப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் மேலெழுந்தது. இமயம் வளரும் முறையை உலகம் அன்று கண்ணீரோடு கண்டது.

நம் தட்டின் வடக்கு விளிம்பில் நிகழ்வது இது. அதன் கிழக்கு விளிம்பில், அந்தமான், சுமத்திராத் தீவுகளை ஒட்டி, கடலடியாகிய பகுதி மற்றொரு தட்டின் கீழ் இறங்குகிறது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை அங்கே ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு அவ்வெல்லை முறிந்தது. கடலடி திடீரென எழுந்தது. அதன்மேல் நின்ற நீரும் எழுந்து ஆழிப்பேரலையாய் நாற்புறமும் பரந்தது. பல நாடுகளிலும் சேர்த்து இரண்டேகால் இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் உயிரிழந்தனர். அவருள் பெரும்பாலோர் நாகப்பட்டின மாவட்டத்தவர். அன்று வட அந்தமானில் பவளப்பாறைகள் நீருக்கு மேலே எழுந்து காய்ந்தன. நிக்கோபாரின் தென்கோடி 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்தது. கோடி ஆண்டு வரலாற்றின் ஓர் ஏட்டை நிலம் ஒரே காலையில் எழுதி முடித்தது.

அன்று நிலம் நடுங்கியதற்கும், நம் கரையை அலை வந்து தாக்கியதற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. அறிவிப்போர் இருந்து, அறிந்தோர் இருந்திருப்பின், அக்காலம் பல்லாயிரம் உயிர்களைக் காத்திருக்கும். அறிவு உயிர் காக்கும் என்பதற்கு அதே நாளில் இரண்டு சான்றுகள் கிடைத்தன. சுமத்திராவை அடுத்த சிமெலூ என்னும் தீவில், 1907-ஆம் ஆண்டில் வந்த பேரலையைப் பற்றிய பாட்டும் கதையும் முதியோர் வாயிலாக வழங்கி வந்தன. நிலம் பெரிதும் நடுங்கிக் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடுக என்பதே அவற்றின் சாரம். நடுக்கம் உண்டான இடத்துக்கு மிக அருகில் இருந்தும், ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் ஏழு பேரே என்பர். தாய்லாந்தின் கடற்கரை ஒன்றில், இங்கிலாந்திலிருந்து பெற்றோருடன் வந்திருந்த பத்து வயதுப் பள்ளிச் சிறுமி ஒருத்தி, கடல்நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன் வகுப்பில் ஆசிரியர் கற்பித்த பாடம் அவள் நினைவுக்கு வந்தது. அவள் கூவி எச்சரித்தமையால் அக்கரையில் இருந்தோர் அனைவரும் விலகி உயிர் பிழைத்தனர்.

அத்துயரத்திற்குப் பின், ஆழிப்பேரலையை முன்கூட்டி அறிவிக்கும் நடுவம் ஒன்று 2007-ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் நிறுவப்பட்டது. நிலநடுக்கம் நேரும் நாளையும் நேரத்தையும் முன்னரே கூறும் வழி இன்னும் காணப்படவில்லை. ஆயின், அது நேரத்தக்க இடங்கள் எவை என்பதை நிலத்தட்டுகளின் எல்லைகள் நமக்குக் காட்டுகின்றன. அவ்விடங்களில் நடுக்கத்தைத் தாங்கும் வீடுகளைக் கட்டுதல் மனிதனால் ஆகும் செயலே. நடுங்கும் நிலத்தைவிட, சரியும் சுவரே மிகுதியான உயிர்களைக் கொள்ளை கொள்கிறது.

மாணவர்களே, நிலம் ஒரு நாளும் ஓய்ந்திருப்பதில்லை. நீங்கள் இப்பாடத்தைப் படித்து முடிக்கும் சிறுபொழுதிலும் நம் நாடு மயிரிழையினும் மெல்லிய அளவு வடக்கே நகர்ந்திருக்கும். அதனைத் தடுத்தல் நம்மால் இயலாது; தடுக்கவும் வேண்டுவதில்லை. அவ்வசைவு இல்லையேல் இமயம் இல்லை. இமயம் இல்லையேல் கங்கை இல்லை. நம்மால் இயல்வது ஒன்று உண்டு. பனியில் உயிர் விட்டோரும், கரையில் இருந்தே கடலை அளந்தோரும் நமக்குத் தேடித் தந்த அறிவை மறவாமல் போற்றி, அறியாதார்க்கும் எடுத்துக் கூறுதலே அது. கடல் உள்வாங்கும் ஒரு நாளில், அவ்வறிவுடையான் ஒருவன் ஊர் முழுவதையும் காப்பான்.